வேர்ப் போத்தலுக்குள் கல்லுப்பு

என் மகளின் கல்லூரி ஒப்படைக்குள் கல்லுப்புப் போட்டவன் நான். உவமையாகச் சொல்லவில்லை. மேசைக்கரண்டியால், போத்தலுக்கு ஒரு குவியல். ஒன்றுக்கு மட்டும் கை தவறி இரண்டு. ஐம்பதைத் தாண்டிய, நாலு புத்தகம் படித்த, தொடர்மாடிச் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருக்கிற மனிதனுக்கு உப்புத் தண்ணீரில் செடி வாழாது என்பது மறந்துபோகுமா என்று கேட்பீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் மறந்துபோகும். கடல் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது. அதன் கரையில் தாழை நிற்கிறதுதானே என்றுகூட எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

மகள் அப்போது வடிவமைப்புக் கல்லூரியில் முதலாம் வருடம். ஒப்படையின் தலைப்பு ‘இயற்கை வடிவங்கள்’. புகைப்படங்களாகக் கொடுக்க வேண்டும். முதல் தடவை பூங்காவுக்குப் போய்த் தாமரையையும் ஆலம் விழுதையும் எடுத்துக்கொண்டு போனாள். விரிவுரையாளர் பார்த்துவிட்டு, “நல்ல கலண்டர்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொரு தடவை செய்யலாம், அதோடு சரி. அதுவும் தவறினால் முதல் வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். மறுபடி படிக்க விடமாட்டோம், கணக்கியல் வகுப்புத்தான் என்று நானும் மனைவியும் அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். பெற்றோர் என்றால் இப்படி எதையாவது முன்கூட்டியே சொல்லி வைக்கத்தானே வேண்டும்.

இரண்டாம் தடவை அவள் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. பல்கனிச் சுவரில் ஐந்து கண்ணாடிப் போத்தல்களை வரிசையாக வைத்தாள். வற்றாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பசளிக் கீரை, பொன்னாங்காணி, கறிக்குப் போடும் ரம்பை, மணி பிளான்ட். பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பு. பூவும் இல்லை, இலையும் இல்லை, வேரை மட்டும் எடுத்தாள். எதிரே நிற்கும் இரண்டு தொடர்மாடிகளின் இடைவெளியால் காலையில் ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத்துக்கு வெயில் வரும். அந்த நேரத்தில் மட்டும் எடுப்பாள். தண்ணீரை மாற்றினால் வேர் குழம்பிவிடும் என்று மாற்றவே மாட்டாள். குறைந்ததை ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக நிரப்புவாள். படங்கள் நன்றாக இருந்தன என்று தகப்பன் சொன்னால் எடுபடாது. ஆனால் நன்றாகத்தான் இருந்தன. முதல் வாரம் பஞ்சு நூல். பிறகு கிழவன் தாடி. பிறகு ஆகாயத்திலிருந்து பார்த்த ஆறு. வேர்கள் அடித்தட்டில் முட்டி மேலே திரும்புகிற கட்டம்தான் கடைசிப் படம். அதை ஒரு சனிக்கிழமை காலையில் எடுப்பதாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பக்கத்துத் தொடர்மாடியில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு என்று செய்தி வந்தது. மறுநாள் காலை சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாக வருவார்கள். லிப்டில் அறிவித்தல் ஒட்டினேன். ‘தண்ணீர் தேங்கும் பாத்திரங்களை அகற்றவும். அகற்ற முடியாதவற்றுக்குக் கல்லுப்பு இடவும்.’ மூன்று மொழியிலும் நானே எழுதியது. ஒட்டிவிட்டு மேலே வந்து பல்கனியைப் பார்த்தேன். மூடியில்லாத ஐந்து போத்தல்களில் பல வாரத்துத் தண்ணீர். பசளிப் போத்தலுக்குள் ஏதோ நெளிந்தது. அது புழுவா, என் கண்ணாடியில் இருந்த தூசா என்பது இன்றுவரை தெரியாது. செயலாளர் வீட்டில் நுளம்புப் புழு! அந்த நேரத்தில் என் கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

மகள் கொட்டாஞ்சேனையில் சிநேகிதி வீட்டில் இருந்தாள். அங்கே நல்ல பிரிண்டர் இருந்தது. அவளை அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் தொடாதேங்கோ என்பாள். அதனால் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் என் அறிவித்தலைப் படித்து அதன்படி நடந்த ஒரே ஆள் நான்தான்.

இருட்டிய பிறகு கை நிறையப் படங்களோடு வந்தாள். “அப்பா, நாளைக்குக் காலமை ஒருத்தரும் பல்கனிக்கு வரக் கூடாது, சரியோ?”

“சரி பிள்ளை.”

அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன் என்பதுதான் இன்னும் வெட்கமான விஷயம்.

காலையில் வற்றாளை இலைகள் பிழிந்து போட்ட துணியாகத் தொங்கின. வெள்ளையாக இருந்த வேர்கள் தேயிலைச் சாய நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சோர்ந்து கிடந்தன. மகள் கமராவைக் கீழே வைத்தாள்.

“அம்மா, ஆராவது இதைத் தொட்டனீங்களோ?”

“உன்ர போத்தலைத் தொடாததுதான் எனக்கு இப்ப குறை” என்றாள் மனைவி, குசினிக்குள் இருந்து.

நான் வாயைத் திறந்தேன். அழைப்பு மணி அடித்தது.

பரிசோதகர் இளைஞர். கையில் டோர்ச், பின்னால் ஒரு பொலிஸ்காரர். பூச்சாடித் தட்டு, குளிரூட்டியின் பின்பக்கம், குளியலறை எல்லாம் பார்த்து முடித்து, நேராகப் பல்கனிக்கு வந்தார். போத்தல்களைக் கண்டதும் நின்றார். எத்தனை நாள் தண்ணீர் என்று சிங்களத்தில் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மகள் வாரக் கணக்கைச் சொன்னாள். டோர்ச்சை ஒவ்வொரு போத்தலாகப் பிடித்தார். புழு இல்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை; இத்தனை வாரத் தண்ணீரில் புழு வராமல் இருக்குமா?

“மேகட்ட மொனவத தம்மே?” இதற்குள் என்ன போட்டீர்கள்?

“ஒன்றும் இல்லை, சேர். வெறும் தண்ணீர்” என்று மகள் அவருடைய மொழியிலேயே சொன்னாள்.

“அப்படியென்றால் ஒக்கொம ஹலன்ன” என்றார். எல்லாவற்றையும் ஊற்றிவிட வேண்டும், இப்போதே, அவர் கண் முன்னால்.

மகளின் முகத்தைப் பார்த்தேன். கணக்கியல் வகுப்பு அவளுக்கு எதிரே வந்து நின்றது எனக்கே தெரிந்தது. “ஒரு அஞ்சு நிமிஷம், சேர். ஒரேயொரு படம்” என்றாள். அவர் தலையாட்டவில்லை. பொலிஸ்காரர் முதலாவது போத்தலின் கழுத்தில் கை வைத்தார்.

இங்கேதான் என் மூளை, வாழ்நாளில் முதல் தடவையாக, மிக வேகமாக வேலை செய்தது. சும்மா நின்றால் போதும். தண்ணீர் ஊற்றப்படும், உப்பும் போகும், செத்த வேரும் போகும். பழி முழுவதும் அரசாங்கத்துக்கு. மகளைக் கட்டிப்பிடித்து, இந்த நாட்டில் கலைக்கு இடமில்லை என்று நானே ஒரு பாட்டம் கதைக்கலாம். உண்மையைச் சொன்னால் போத்தல்கள் தப்பும், நான் தப்ப மாட்டேன். பொலிஸ்காரர் போத்தலைத் தூக்கினார். நான் இன்னும் சும்மாதான் நின்றேன். பல்கனி மூலையில் துணி தோய்க்கும் தொட்டியின் மேல் அதைச் சரித்தார். மகளின் கை தானாக நீண்டு, பாதியில் நின்றது.

“லுணு” என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னேன். “லுணு, மஹத்தயா. நான்தான் உப்புப் போட்டேன். நேற்று.”

பரிசோதகர் டோர்ச்சைத் தாழ்த்திப் பிடித்தார். போத்தல் அடியில் கரையாத கற்கள் மினுங்கின. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்பென்றால் பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் செடி செத்துவிடுமே ஐயா என்றார். பொலிஸ்காரர் போத்தலை மெதுவாக, கோவில் சொம்பைப் போல, இருந்த இடத்திலேயே வைத்தார். இருவரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

மகள் என்னைப் பார்க்கவில்லை.

“எப்ப போட்டனீங்கள்?”

“நேற்றுப் பின்னேரம்.”

“எல்லாத்துக்குமோ?”

“எல்லாத்துக்கும்.”

குசினி வாசலில் மனைவி கரண்டியோடு நின்றாள்.

“பிள்ளை, நான் சந்தைக்கு ஓடிப்போய் வேற வற்றாளை...”

“தள்ளி நில்லுங்கோ அப்பா. வெளிச்சம் போகுது.”

விரிப்பை இழுத்து நேராக்கினாள். குந்தினாள். சோர்ந்த வேர்களையும் தொங்கும் இலைகளையும் அடியில் கிடந்த உப்பையும் எடுத்தாள். ஒரு தரம் கமராவை இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். இடைவெளியில் வெயில் முடியும்வரை நான் கதவோரத்திலேயே நின்றேன், உட்காரும் உரிமை இல்லாதவனாக.

அடுத்த வாரம் ஒப்படைக்கும் நாள். படச் சட்டங்கள் பஸ்ஸில் ஏற்ற முடியாத அளவு பெரிது என்பதால் என்னையும் முச்சக்கர வண்டியில் ஏற்றினாள். கல்லூரி மண்டபத்தில் வரிசையாக மாட்டினாள். கடைசியில் அந்த உப்புப் படம். “நல்ல கலண்டர்” என்று சொன்ன அதே இளம் பெண் விரிவுரையாளர் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்து, கடைசிப் படத்தின் முன்னால் நின்றார். மகள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். விரிவுரையாளர் தாளில் எதையோ குறித்துவிட்டு, “பாஸ்” என்றார். மகள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. ஒரு வாரம் குற்றவாளியாக இருந்தவன் ஒரே நிமிடத்தில் கூட்டுக் கலைஞன் ஆகிவிட்டேன். அவர் அருகே போய்த் தொண்டையைச் செருமினேன்.

“மிஸ், அந்தக் கடைசிப் படத்தில உப்புப் போட்டது நான்தான். முடிவு அப்படி அமைஞ்சதாலதான்...”

அவர் மரியாதையோடு என்னைப் பார்த்தார்.

“இல்லை அங்கிள், கடைசிப் படம் கொஞ்சம் கூடிப்போச்சு. அது இல்லாட்டியும் பாஸ்தான். முன்னுக்கு இருக்கிற படங்களே போதும்.”