ஐஸ் பிடித்த கை

கடலூர் மீன் மார்க்கெட்டில் குணசுந்தரிக்கு அடுத்த இடம் என்னுடையது. எட்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன்.

அவளுக்குக் கோபம் வந்தால் தராசு பறக்கும். யாரோ தன்னை விட்டுப் போகப்போகிறார்கள் என்று தோன்றினாலே போதும், நேற்றுவரை உயிராக இருந்தவர் இன்று எதிரி. புருஷன் இறந்த பிறகு அது இன்னும் கூடியது. 2008இல், லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று மகள் வினோதினி கேட்டதற்கு, அவளுடைய புத்தகப் பையைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டாள். சிதம்பரத்திலிருந்து நாத்தனார் ஜோதிலட்சுமி வந்து பிள்ளையை அழைத்துப் போய்விட்டார்.

அதன்பிறகுதான் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தாள். ஆளுமைக் கோளாறு என்று சீட்டில் எழுதினார்கள்.

“எங்குணத்துக்கே சீட்டு எழுதிட்டாங்கடி,” என்று என்னிடம் சிரித்தாள்.

அங்கே செவ்வாய்தோறும் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நடத்துகிற சுவாதி சின்னப் பெண். “கோவம் போவணும்னு எல்லாரும் சொல்றாங்க. போனா என்னக்கா செய்வீங்க?” என்று முதல் நாளே கேட்டாளாம்.

“எம்பொண்ண வூட்டுக்குக் கூட்டியாருவேன்.”

அங்கே அவளுக்குக் கொடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் அதையே எழுதினார்கள். கோபம் ஏறும்போது ஐஸைக் கையில் பிடி, அந்தக் குளிர் மனதை நிறுத்தும் என்று பழக்கினார்கள். வாய் தவறினால் மறுநாளே போய்ச் சரிசெய்ய வேண்டும் என்பதும் பாடம். அப்படி என்னிடமே ஏழு தடவை வந்திருக்கிறாள்.

2010 மே கடைசி. ஒருநாள் கூடவே இருந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை விடுவேன் என்று ஜோதிலட்சுமி, வினோதினியோடு மார்க்கெட்டுக்கு வந்தார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு கடலுக்குப் போகாது. எங்கும் வெளியூர் ஐஸ் மீன்தான். குணசுந்தரியிடம் இருந்ததோ காலையில், தடை இல்லாத சின்ன ஃபைபர் போட்டில் வந்த சங்கரா மீன். ஒருவர் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்டார். அவள் முகம் மாறியது. கை என் ஐஸ் பெட்டிக்குள் போய் ஓர் ஐஸ் கட்டியை எடுத்தது.

“அதான பாத்தேன்! ஐஸ் மீன வச்சிக்கினு காலையில புடிச்சதுன்றியா? ஊர ஏமாத்துற பொம்பள!” என்று விலை கேட்டவர் கத்தினார்.

எல்லோரும் திரும்பினோம். ஜோதிலட்சுமி வினோதினியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தராசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குணசுந்தரியின் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. கட்டி பாதி கரைந்ததும் சொன்னாள்:

“ஐஸு மீனுக்கில்ல சார், எனக்கு. செவுளத் தூக்கிப் பாருங்க.”

செவுள் ரத்தச் சிவப்பு. அவர் பார்த்தார், ஆனாலும் வாங்காமலே நடந்தார்.

“போறவரு போவட்டும்,” என்றாள். அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

வினோதினி வந்து, சிவந்திருந்த உள்ளங்கையைப் பிடித்தாள். “வலிக்குதாம்மா?”

“வலிக்குது. அதுக்குத்தான்.”

ஜோதிலட்சுமி கூடைக்கு முன்னால் குந்தினார். “அந்தச் சங்கராவ எனக்குக் கட்டு, குணா. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள டிசி வாங்கிடறேன். புள்ளைக்குப் பை மட்டும் நீதான் வாங்கணும்.”

“இப்பவே வாங்கறேன் அண்ணி.”

மூவரும் பை வாங்க மஞ்சக்குப்பம் கடைத்தெருவுக்குப் போனார்கள். கூடையை நான் பார்த்துக்கொண்டேன்.