ரெண்டுக்கும் ஒரே மேளம்

அமெரிக்கா போயிட்டு வந்து ரெண்டு மாசமாச்சு. இங்க யாங்கோன்ல, எங்க க்யிம்யிண்டைங் மார்க்கெட்டுல கால் வச்சா போதும், "எப்படி இருந்துச்சு அமெரிக்கா?"ன்னு கேக்காத வாய் இல்ல. என்னத்தச் சொல்ல? எனக்கே இன்னும் பிடிபடல.

தெற்கு ஓரத்துல நியூ ஆர்லியன்ஸ்னு ஒரு ஊரு. என் மக அங்க ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா. அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கப் போறேன், நீ வந்து பார்த்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஆச்சுன்னு டிக்கெட் அனுப்பிட்டா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் போனேன்.

இறங்கினதுமே குழம்பிட்டேன். யாங்கோன்ல இருக்குற அதே புழுக்கம், அதே மாதிரி ஆறு, சொல்லாமக் கொள்ளாம வர்ற அதே மழை. காரை பெயர்ந்து செடி முளைச்ச பழைய மாடி வீடுங்க வேற. இதைப் பார்க்கவா இத்தனை ஏரோப்ளேன் மாறி வந்தோம்னு இருந்துச்சு. பஸ் ஓட்டுற பொம்பளை என்னைப் பார்த்து "குட்மார்னிங் பேபி"ங்கிறா. எனக்கு அறுபத்து மூணு வயசு! பின்னால ஏதும் குழந்தை ஏறுதான்னு திரும்பிப் பார்த்தேன். சின்னச் சின்னதா கதவு வச்ச வீடு வரிசையா நிக்குது. "அடக்கமா நல்லாத்தான் கட்டியிருக்கான்"னேன். "அம்மா, அது கல்லறை"ன்னா மக. தோண்டினா தண்ணி வர்ற ஊராம், அதனால தரைக்கு மேலயே வச்சிடுறாங்களாம்.

பையன் நெடுநெடுன்னு உயரம், அதிர்ந்து பேசாத புள்ள. தண்ணி குடுத்தாக்கூட நம்ம பர்மாவுல குடுக்குற மாதிரி குனிஞ்சு ரெண்டு கையாலயும் குடுத்தான். பள்ளிக்கூட வாத்தியார், லீவு நாள்ல மேளம் வாசிப்பான்னு மக சொன்னா. ஏதோ கச்சேரி போலன்னு நானும் விட்டுட்டேன்.

சனிக்கிழமை மக வேலைக்குப் போயிருந்தா. வாசல்ல நிக்கிறேன், மேளமும் குழலுமா ஒரு கூட்டம் தெருவை அடைச்சுக்கிட்டு வருது. ஆம்பளைங்க எல்லாம் கறுப்புக் கோட்டு. கையில வெள்ளைக் கைக்குட்டை. முன்னால தலை நரைச்ச ஒரு அம்மா, உடம்பெல்லாம் வெள்ளை உடுப்பு, குடையை ஆட்டிக்கிட்டு ஆடுறா. ஐயோ பாவம், புருஷனைப் பறிகுடுத்தவ! ஆடுறது எனக்கு அதிசயமாப் படல, சாவு வீட்டுல தப்பு மேளம் அடிச்சா நம்ம சனம் ஆடாததா? பாடையைத்தான் காணோம், அது முன்னாடியே வண்டியில போயிருக்கும்னு நினைச்சேன். செருப்பைக் கழட்டிட்டு ஓரமா நின்னு அழுதேன். அந்த அம்மா வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, கன்னத்துல ஒரு முத்தம் குடுத்துட்டு ஆடிக்கிட்டே போறா! பின்னாலயே பெரிய மேளத்தை மாட்டி அடிச்சுக்கிட்டு வர்றான் நம்ம பையன்.

உள்ள போய்த் தலைக்குத் தண்ணி ஊத்தினேன். மக வந்து, "இந்த நேரத்துல என்னம்மா குளியல்?"னா.

"சாவுத் தீட்டுடி. பாவம் அந்தம்மா, புருஷனைத் தூக்கிக் குடுத்துட்டு..."

வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "அது கல்யாணம்மா! அந்தம்மாதான் பொண்ணு!"

"அப்ப சாவுக்கு யாரு அடிப்பா?"

"அதுக்கும் இவங்கதான்."

நம்மகிட்ட கல்யாண மேளம் வேற, சாவு மேளம் வேற. இதை அடிக்கிறவன் அதை அடிக்க மாட்டான், அதை அடிக்கிறவனை வாசல்லயே நிறுத்திருவாங்க. அது தப்புன்னு தெரியும். தெரிஞ்சும் உள்ள ஊறிக் கிடக்கே, மறைச்சு என்ன பண்ண? "அடிப்பாவி, போயும் போயும் சாவு மேளக்காரனையா புடிச்சே!"ன்னு கத்திட்டேன்.

மக சிரிப்பு நின்னு போச்சு. "நம்ம அப்பாவுக்கு யாரும்மா அடிச்சா?"ன்னு கேட்டா.

யாரும் அடிக்கல. கொரோனா நேரம். முகமெல்லாம் மூடினவங்க நாலு பேரு வந்து, பிளாஸ்டிக்ல சுத்தி என் புருஷனை வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. மேளமில்ல, சங்கில்ல, நெருப்பு வைக்கக்கூட யாரையும் விடல. நான் ஜன்னல்ல நின்னேன்.

"அந்தச் சேதி வந்த அன்னைக்கு நான் இங்க தனியாக் கிடந்தேன்மா. அப்ப இவன் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன், அவ்வளவுதான். விஷயத்தைக் கேட்டுட்டு மேளத்தை எடுத்து மாட்டினான். ஆத்தங்கரை வரைக்கும் அடிச்சுக்கிட்டே நடந்தான். நான் பின்னால நடந்தேன். முன்னப் பின்னத் தெரியாதவங்க வீட்டை விட்டு வந்து கூடவே நடந்தாங்க. அப்பாவுக்கு ஊர்வலம் இல்லைன்னு நீ நினைச்சுக்கிட்டிருக்கே. இருந்துச்சும்மா."

அவரு ஒருநாளும் பார்க்காத ஊருல, அவரு பேரு தெரியாத சனம் அவருக்காக நடந்திருக்கு. நான் அழுறதா, கோவப்படுறதா, அந்தப் பையனைக் கும்பிடுறதா? ஒண்ணும் புரியாம ஈரத் தலையோட உக்காந்திருந்தேன்.

ஏர்போர்ட்ல மக கேட்டா, "என்னம்மா சொல்ற?" "யபாதே"ன்னுட்டேன். பர்மாக்காரங்க சொல்லு அது, நமக்கும் வாயில ஒட்டிக்கிச்சு. சரி, ஆகட்டும்னாலும் யபாதேதான். பரவால்ல, வேணாம் விடுன்னாலும் யபாதேதான். எதைச் சொன்னேன்னு சத்தியமா எனக்கே தெரியாது.

நேத்து இங்க கரண்டு இருந்த நேரமாப் பார்த்து போன் பண்ணினா. "அம்மா, நீ சொன்ன யபாதே எந்த யபாதே? ரெண்டு மாசமா மண்டை காயுது. நீ வேணாம்னா நான் பண்ணிக்க மாட்டேன்"னா.

"கல்யாணத்துக்கு வேற ஆளை அடிக்கச் சொல்லுடி"ன்னேன்.

"ஏம்மா?"

"மாப்பிள்ளை மேளம் அடிச்சுக்கிட்டிருந்தா தாலி யாருடி கட்டுவா? அவன் எனக்கு அடிக்கட்டும், என் நாள் வரும்போது."