கெட்டிமேளத்துக்கு முந்தின பாட்டு

சிதம்பரத்தில் அண்ணன் மகள் கல்யாணம். ஐயர் "கெட்டிமேளம்!" என்றதும், என் காது அதற்கு முன்னால் வரவேண்டிய ஓர் அலறலைத் தேடியது.

அந்த அலறல் பதிவானபோது எனக்குப் பத்து வயது. கடலூரில் எங்கள் வீட்டு மாடியில் அண்ணன், பாட்டை அதிவேகமாகக் கத்தித் தீர்க்கும் ஹார்ட்கோர் பங்க் இசைக்குழு வைத்திருந்தான். டிரம்ஸுக்குப் பெயிண்ட் டப்பா. ஊரில் அதைப் பாட்டென்று ஒத்துக்கொண்டவள் நான் ஒருத்திதான். குழு கலைகிற நேரத்தில், தங்கள் கடைசி ஆல்பத்தை, அம்மா அப்பாவின் கல்யாணச் சத்தம் பதிந்திருந்த கேசட்டின் மேலேயே கவனிக்காமல் பதிந்துவிட்டார்கள்.

அப்பா செருப்பைத் தேடினார். அம்மா டேப்ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். ஏழு பாட்டு, ஒன்பதே நிமிஷம். ரசாயன ஆலைப் புகையைத் திட்டும் கடைசிப் பாட்டின் முடிவில் அண்ணன் "விடமாட்டேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அடுத்த நொடி, பழைய கெட்டிமேளம்.

"நல்லவேளைடா, ஒம் பாட்டெல்லாம் சின்னது. தாலி தப்பிச்சிது," என்றாள் அம்மா.

நண்பர்களுக்குப் பிரதியெடுத்துக் கொடுத்தபோதும் அண்ணன் அந்தக் கெட்டிமேளத்தை வெட்டவில்லை.

இன்று மேளம் முழங்கி முடிந்தது. மகளைத் தாரைவார்த்துக் கொடுத்த அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தான்.

"விடமாட்டேன்," என்றான், வெறும் காற்றாக.