கெட்டித்தண்ணி

தண்ணீர் தவறான வழியில் இறங்கிவிட்டால் மனிதத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். இருமலும் இல்லை, விக்கலும் இல்லை, ஈரத்துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பது போன்ற ஓர் இழுப்பு. ரெட்டிபாளையத்தில் என் இளம்வயது, அந்தச் சத்தம் எப்போது வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே கழிந்தது.

அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் பிரிவில் வேலை பார்த்தவர். நாற்பதை நெருங்கும்போது அவருடைய நடை தள்ளாட ஆரம்பித்தது. சாராயத்தின் வாடையே ஆகாத மனிதரைப் பார்த்து, "பகல்லயே ஏத்திக்கிட்டு வரான் பாரு" என்று தெருவில் பேசினார்கள். அப்புறம் நாக்கு குழறியது. அதற்கும் பிறகுதான் சாப்பாட்டில் "பொரை" ஏறத் தொடங்கியது. முதலில் அம்மா சிரித்தபடி அவர் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்கங்க" என்பார். ஒவ்வொரு வேளையும் ஏற ஆரம்பித்ததும் அம்மா அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், ரசம் ஊற்றிய சோற்றை வாயில் வைத்த அப்பா திடீரென்று கைகளை உதறினார். முகம் கறுத்துக்கொண்டு வந்தது, வாய் திறந்திருந்தும் சத்தமே வரவில்லை. அம்மா அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். இலையில் சோறும் எச்சிலும் விழுந்த பிறகே அந்த இழுப்பு கேட்டது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகே திருச்சிக்குப் போனோம். பெரிய டாக்டர் அப்பாவைக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு, "உங்க அப்பாவுக்கு இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"அவரு குடிச்சுக் குடிச்சே போயிட்டாருன்னு ஊர்ல சொல்லுவாங்க சார்" என்றார் அம்மா.

"எங்கப்பா குடிக்கல" என்றார் அப்பா. குழறிய நாக்கிலும் அந்த இரண்டு வார்த்தைகள் தெளிவாக விழுந்தன.

சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும் பரம்பரை நோய் என்றும், தொண்டையின் தசைகள் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்க மறந்துவிடுவதால்தான் புரையேறுகிறது என்றும் டாக்டர் விளக்கினார். "புள்ளைங்களுக்கும் வரலாம்மா. பாதிக்குப் பாதி" என்று அவர் தணிந்த குரலில் சொன்னது, ஓரத்து பெஞ்சில் தம்பியோடு உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது. தம்பி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். நான் அவன் தொண்டையையே பார்த்தேன்.

விழுங்கப் பயிற்சி கொடுத்த பெண்மணி, அப்பாவுக்கு எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் ஆபத்து என்றார். மூச்சுக்குழல் மூடும் முன்பே அது ஓடிவிடுமாம். சோறு குழைய வேண்டும், முகவாயை நெஞ்சோடு சேர்த்து விழுங்க வேண்டும், சாப்பிடும்போது பேச்சு கூடாது. அம்மா சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்தார். அதற்கு எங்கள் வீட்டில் "கெட்டித்தண்ணி" என்று பெயர். டிவியை அணைத்துவிட்டு, சிரிப்பில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். நானோ கொல்லைப்பக்கம் போய்ச் சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து, எனக்குப் பொரை ஏறுகிறதா என்று சோதித்துப் பார்ப்பேன். ஏறாவிட்டாலும் பயம் போகாது. நாளைக்கு ஏறலாமே.

ஒரு சித்திரை மாதப் பகலில் அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தார். ஓட்டுக்கூரை அனலாய்க் கொதித்தது. கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா என்னைக் கூப்பிட்டார். கெட்டித்தண்ணியை எடுத்துப் போனேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இது வேணாம் பாப்பா. தண்ணி. நல்ல தண்ணி."

"அம்மா வையும்ப்பா."

"ஒரு வாய். நாக்கு ஒட்டிக்குது."

கண்ணில் நீர் கட்டியிருந்தது. அப்பா என்னிடம் கெஞ்சுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பானைத் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைக் கையால் தாழ்த்தி, சின்னக் கரண்டியில் பாதி ஊற்றினேன். தொண்டைமுடிச்சு ஏறியது, தயங்கியது, இறங்கியது. இன்னொரு பாதி. மறுபடி ஏறியது, அங்கேயே நின்றது, அவர் கை என் மணிக்கட்டை இறுக்கியது. வாசலுக்கு ஓடிக் கத்தலாம் என்றால் கை விடவில்லை. பிறகு ஒரு நீண்ட இருமல், இன்னொன்று, மூச்சு. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு" என்றார். அம்மா திரும்பி வந்ததும், "புள்ள தண்ணி குடுத்துச்சு" என்று அவரே சொன்னார். அம்மா என்னை வையவில்லை. கரண்டியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. நுரையீரலுக்குள் போன உணவால் வந்த காய்ச்சல் என்றார்கள். மூக்கில் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா வாயால் எதுவும் சாப்பிடவில்லை. அந்தக் குழாயோடுதான் போய்ச் சேர்ந்தார்.

அந்த வீடு இப்போது இல்லை, அம்மாவும் இல்லை. அப்பாவுக்கு நடை தள்ளாடிய வயதை நான் தாண்டிவிட்டேன். பரிசோதனை செய்துகொள்ளலாம், நானும் செய்யவில்லை, பெரம்பலூரில் கடை வைத்திருக்கும் தம்பியும் செய்யவில்லை. போன வாரம் அவன் போன் செய்தான். கடை, மழை, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றையும் பேசிவிட்டுச் சொன்னான்:

"அக்கா, நேத்து டீ குடிக்கறப்ப பொரை ஏறிடுச்சு."

"சூடா குடிச்சிருப்படா" என்றேன்.

"ஆமாக்கா. சூடாத்தான் இருந்துச்சு."

இருவருமே போனை வைக்கவில்லை.