அரசரின் நான்காம் கல்யாணம்

டண்டாக் ஊரில் நார்பர்ட் ஜிலின்ஸ்கியைப் போல ராஜவிசுவாசி கிடையாது. அமெரிக்காவில் ராஜா இல்லை என்பது அவருக்கு இடைஞ்சலாகவே இல்லை. 1995இல் வாங்கிய கம்ப்யூட்டருக்குள் ஒருவர் இருந்தார்.

நார்பர்ட் வரி அலுவலகத்தில் இருபத்தாறு வருடக் குமாஸ்தா. மேலதிகாரி ஃபென்விக்கின் இரண்டு கல்யாணத்துக்கும் மேசை மேசையாகச் சுற்றி வந்த மொய் உறையில் பணம் வைத்தவர். மாலையானால் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் கப்பலேறிப் போய்ப் புது உலகில் காடு வெட்டுவார். எட்டு ஊர்கள் எழுப்பியிருந்தார், எட்டிலும் புகையிலை. ஐரோப்பாவிலிருக்கும் அரசர் கல்யாணம் செய்துகொள்ளும்போதெல்லாம் வரியை உயர்த்துவார். சம்மதமென்றால் அவர் மோதிரத்தை முத்தமிடலாம். மறுத்தால் ஊர்க்காரர்கள் சரக்கைக் கடலில் கொட்டிவிடுவார்கள்; அப்புறம் ஐரோப்பா அதை வாங்காது.

நார்பர்ட் முத்தமிட்டுக்கொண்டே வந்தார்.

விளையாட்டு வைத்த கெடுவுக்குள் அரசரிடமிருந்து சுதந்திரம் அறிவிக்காவிட்டால் தோல்வி. அதற்கு ஊர் மன்றத்தில் ஆட்களை உட்காரவைத்து மணியடித்து, பாதி ஜனத்தையாவது கிளப்பிவிட வேண்டும். வேலை நேரத்தில் மணியடிப்பவர்களை நார்பர்ட்டுக்குப் பிடிக்காது. இப்படியே மூன்று ஆட்டம் தோற்றிருந்தார். இதையாவது விடக்கூடாது என்றிருந்தார்.

சனிக்கிழமை திரையில் மறுபடி அரசரின் ஓலை வந்தது.

"வரி இப்ப எவ்வளவு?" என்றாள் மனைவி டோலரஸ்.

"அறுபத்தோரு சதவீதம். அவருக்கு நாலாவது கல்யாணம், டோலி. செலவிருக்கும்ல."

"அவனுக்கு மொய் எழுதியே நீ அழிஞ்ச. போ, நண்டு பொங்குது, அடுப்பக் குறை."

குறைத்துவிட்டு வந்தார். திரையில் புகையிலை மூட்டைகள் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன.

"என்னடி பண்ணின?"

"மாட்டேன்னு அமுக்கினேன். என் மோதிரத்துக்கே நீ ஒருநாளும் முத்தம் குடுத்ததில்ல."

"எட்டு ஊரும் புகையிலைடி!"

"ஆட்டத்த நடுவுல சேமிச்சு வச்சிருப்பியே, அதுலேர்ந்து திரும்ப ஆடு."

நார்பர்ட் முறைத்தார். "பதிவானத அழிக்கச் சொல்றியா? அதுக்குப் பேரு மோசடி."

வாங்க ஆளில்லாத புகையிலையை யார் பயிரிடுவார்கள்? விவசாயிகள் சும்மா நின்றார்கள். சும்மா நிற்பதையும் அவருக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. எல்லாரையும் மன்றத்துக்கு அனுப்பினார். எட்டு ஊரிலும் மணி அடித்த அடியில் பாதி ஜனத்துக்கு மேல் கிளம்பிவிட்டது. ஆட்டக் கணக்கில் கெடுவுக்கு இரண்டு வருடம் முன்பு சுதந்திரம் அறிவித்தார்.

உடனே அரசரின் கப்பல்கள் வந்தன. நார்பர்ட்டிடம் பீரங்கி ஒன்றுகூட இல்லை. வாங்கவேண்டிய பணமெல்லாம் மொய்க்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டாவது ஊரும் விழுந்தது.

"போச்சா?"

"போச்சு."

"அப்புறம் எதுக்கு இளிக்கிற?"



திங்கட்கிழமை அலுவலகத்தில் உறை வந்தது. ஃபென்விக்குக்கு மூன்றாவது கல்யாணம். நார்பர்ட் அதை அப்படியே பக்கத்து மேசைக்குத் தள்ளினார்.

"நார்பி, நீ போடலயே?"

"போடல."

சொல்லிவிட்டு ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்தார், கப்பல் ஏதாவது தெரிகிறதா என்று.