எக்டர் ஷாவின் பங்கு

ஸ்காட்லாந்தின் ஐலாத் தீவில் ஒரு ஆண்பிள்ளை குடிக்கவில்லை என்றால், பாதிரியாருக்குப் பயந்தவனாக இருப்பான், இல்லை வயிற்றில் புண் வந்தவனாக இருப்பான். எக்டர் ஷாவுக்குக் கடவுள் பயம் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. அவன் குடிக்காததற்குக் காரணம் அவன் அப்பன். குடித்துக் குடித்துப் படகையே தோற்றவன் அந்த ஆள். ஒரு கல்யாண வீட்டில், ஒரு மடக்கு விஸ்கிக்காக நாலு பேர் முன்னால் நாய் மாதிரி குரைத்துக் காட்டினான். எக்டர் அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வேறு பிள்ளையாக இருந்தால் குடி கெட்டது என்று கற்றுக்கொண்டிருக்கும். இவன் கற்றுக்கொண்டது, ஆசைப்படுகிறவனுக்கு மூக்கணாங்கயிறு போடலாம் என்பதை.

நானும் அவனும் ஒரே விஸ்கி ஆலையில் வேலை பார்த்தோம். ஊறிய பார்லியைத் தரையில் பரப்பி முளைக்க வைப்பது என் வேலை. முளைத்தது அவனுடைய சூளைக்குப் போகும். பீட் என்கிற கரிமண் கட்டிகளை எரித்து, அந்தப் புகையிலேயே அவன் அதைக் காயவைப்பான். கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எங்கள் ஆலை விஸ்கியில் இருந்த புகை வாசனை அவன் போட்ட புகை.

அந்த நாளில் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வந்ததும், மதியம், வேலை முடிந்ததும் எல்லாரும் வரிசையில் நிற்போம். மேஸ்திரி மாட்டுக்கொம்புக் குவளையில் ஆளுக்கு ஒன்று ஊற்றுவார். பீப்பாயில் வருஷக்கணக்காக ஊறிய சிங்கிள் மால்ட்டெல்லாம் எங்களுக்கு ஏது? ஊறியதில் முக்கால்வாசி கப்பலேறிப் போய், நாலு ஆலைச் சரக்கோடு கலந்து, யார் பெயரிலோ விற்கும்; கலக்காமல் எங்கள் ஆலைப் பெயரிலேயே புட்டியில் அடைத்த கொஞ்சம்தான் சிங்கிள் மால்ட். எங்களுக்குக் கிடைத்தது அப்போதுதான் வடிந்த வெள்ளைச் சரக்கு. தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கும். எங்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வேலைக்கே வந்தோம்.

வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, மேஸ்திரி கண் முன்னால் குடிக்க வேண்டும். எக்டர் தன் பங்கை வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. குவளையை வாங்கிக்கொண்டு, வரிசையை மேலும் கீழும் நிதானமாகப் பார்ப்பான்.

"இது இன்னைக்கு யாருக்கு?"

அவன் வீட்டுக் கரிமண்ணை வெட்டிக் கொடுத்தவனுக்கு. அவன் ஆட்டுக்கு மயிர் கத்தரித்தவனுக்கு. அவன் பேச்சுக்கு முதலில் சிரித்தவனுக்கு. மேஸ்திரி கண்டும் காணாத மாதிரி இருப்பார். அவர் வீட்டு அடுப்புக்கும் எக்டர் சொல்லித்தான் கரிமண் வந்தது.

இதில் அதிகமாக மாட்டியவன் சோர்லி. நல்ல உழைப்பாளி, வாயில்லாப் பூச்சி. அவன் பங்கு மூன்று போக, எக்டரின் பங்கிலும் கண் வைப்பான்.

"எக்டரு, உன் வேலிய நேத்தே கட்டிட்டேன்ல."

"கட்டுன. கோணலா கட்டுன. நேரா கட்டிட்டு வா, தர்றேன்."

"இருட்டிப் போச்சுப்பா, அதான்."

"அப்ப ஆடும் இருட்டுல ஓடிப் போச்சுன்னா நீதான் வேலிக்குப் பதிலா நிக்கணும். நில்லு பாக்கலாம், கைய நீட்டிக்கிட்டு."

சோர்லி கையை விரித்துக்கொண்டு நின்றான். நாங்கள் சிரித்தோம். சிரிக்காதவனுக்கு மறுநாள் குவளை வராது.

ஒரு ஜனவரியில் எக்டரின் மாட்டுக்கொட்டில் கூரையைச் சோர்லி தனியாளாக வேய்ந்து முடித்தான். அன்றைக்கு எக்டர் மூன்று குவளையையும் அவனுக்கே கொடுத்தான். ஆக, ஆறு. கடற்கரைப் பாதையில் வீடு திரும்பும்போது வாய்க்காலில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. காலையில் விறைத்துக் கிடந்தான். எக்டர் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை, உண்மைதான்.

அடக்கம் முடிந்ததும் குழிமேட்டிலேயே எல்லாருக்கும் ஒரு மடக்கு கொடுப்பது எங்கள் வழக்கம். செத்தவனுக்கான மரியாதை அது. குவளை எக்டர் கைக்கு வந்தது. மண் இன்னும் ஈரமாக இருந்தது. அவன் அதே மாதிரி மேலும் கீழும் பார்த்தான்.

"இது இன்னைக்கு யாருக்கு?"

எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் வாங்கிக்கொண்டேன். நல்ல சரக்கைத் தரையில் ஊற்றுவதற்கா ஆலை நடத்துகிறோம்?

எங்கள் ஊரில் பெண்கள் குழிமேட்டுக்கு வருவதில்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் சோர்லியின் மனைவி ஈஃபிக்கு விஷயம் போய்விட்டது. ஆலைக்காரர்கள் அனுதாபம் தெரிவித்து அவளுக்கு ஒரு பெட்டி அனுப்பினார்கள். உள்ளே எங்கள் ஆலைப் பெயர் போட்ட சிங்கிள் மால்ட் புட்டிகள். குடியால் புருஷனை இழந்தவளுக்குக் குடியையே கொடுத்த புத்திசாலிகள். அவள் அதைத் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

பிறகு புதிய மேலாளர் வந்தார், கொம்புக் குவளை வழக்கத்தை நிறுத்தினார். நாங்கள் துக்கம் கொண்டாடினோம். எக்டருக்கு நேர்ந்தது துக்கத்துக்கும் மேலே. மறுநாளே அவன் வீட்டுக் கரிமண்ணை வெட்ட ஆள் வரவில்லை. அவன் பேச்சுக்கு யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமும் அதில் சிரிக்க ஒன்றும் இருந்ததில்லை என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது.

அவன் ஓய்வுபெற்ற நாளில் ஊர் மண்டபத்தில் விருந்து, எங்களுக்குக் கடைச் சரக்கு. மேலாளர் ஒரு புட்டி சிங்கிள் மால்ட்டைப் பரிசாகக் கொடுத்து, தானே திறந்து ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினார். எக்டர் கிளாஸைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைப் பார்த்தான். பழக்கம் விடுமா?

"இது இன்னைக்கு யாருக்கு?"

"நீயே வெச்சுக்க எக்டரு," என்றான் பின்வரிசையில் ஒருத்தன். "இங்க எல்லார் கையிலயும் இருக்கு."

மண்டபமே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எக்டரின் காது சிவந்தது. வீம்புக்காகக் கிளாஸைத் தூக்கி வாயில் ஊற்றிக்கொண்டான். அறுபத்தைந்து வயதில் முதல் மடக்கு.

இருமுவான் என்று காத்திருந்தோம். இருமவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு விழுங்கினான். தன் கோட்டுக் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான், கிளாஸை மோந்தான், மறுபடியும் கோட்டை மோந்தான்.

"இது என் புகை," என்றான். "என் புகைதான் இது. இவ்வளவு இனிப்பா எப்பிடி ஆச்சு?"

அந்த ராத்திரியே புட்டி காலி.

அடுத்த வருஷம் ஆலையை மூடிவிட்டார்கள். கடையில் வேறு விஸ்கி இருந்தது. எக்டர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவிட்டுத் துப்பினான். அவன் புகை போட்ட சரக்கு தீவில் ஒரே ஒரு கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஈஃபி வீட்டு வாசலில் போய் நின்றான்.

ஈஃபி கதவைச் சாத்தவில்லை. அவித்த முட்டையை நிற்க வைக்கிற கிண்ணம் இருக்கிறதே, அதை எடுத்து வந்து காட்டினாள்.

"இந்த அளவுதான். ஒரு நாள் கரிமண் வெட்டுனா ஒண்ணு."

"எனக்கு முதுகு வளையாதும்மா."

"சோர்லிக்கு வளைஞ்சுது."

வெட்டினான். வேலி கட்டினான். கோணலாகக் கட்டினால் கிண்ணம் கிடையாது. எழுபது வயதில், காற்று ஆளைத் தள்ளுகிற நாளில், அவள் கூரை மேல் ஏறி வைக்கோல் வேய்ந்தான். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாருக்கும் பாவமாக இல்லை. எனக்கும் இல்லை.

கூரையில் பிடித்த சளி நெஞ்சுக்கு இறங்கி, அவன் படுக்கையில் விழுந்தான். பெட்டியில் கடைசிப் புட்டியில் கடைசிக் கிண்ணம் மிச்சம் இருந்தது. ஈஃபி அதைக் கொண்டுவந்தாள். கட்டிலைச் சுற்றி நாங்கள் நாலைந்து பேர் நின்றோம். எக்டருக்குப் பேச்சு போயிருந்தது. ஆனால் வாசனை தெரிந்தது. வாயைத் திறந்தான், குருவிக் குஞ்சு மாதிரி.

ஈஃபி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களை ஒவ்வொருவராக நிதானமாகப் பார்த்தாள்.

"இது இன்னைக்கு யாருக்கு?" என்றாள்.

ஒருவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் கையை நீட்டினேன். வாழ்நாள் முழுக்க அந்த ஆலையில் உழைத்தும் எங்கள் சிங்கிள் மால்ட்டை நான் தொட்டதே இல்லை. முதலில் புகை வந்தது, பிறகு உப்பு, அதற்கும் பிறகு தேன் மாதிரி ஒரு இனிப்பு. எக்டரின் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்பிடி இருக்கு?" என்று ஈஃபி கேட்டாள்.

"நல்லா இருக்கு," என்றேன், அவன் காதில் விழும்படியாக.