மன்மதன் நிறுத்திய மாத்திரை

எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஆண்டியப்பனைப் போல வீம்பு பிடித்த ஆள் கிடையாது. என் அக்கா மகன்தான், அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தேயிலை ஃபெக்டரியில் வேலை. மாசி மாதம், சிவன் மன்மதனை எரிக்கிற காமன் கூத்து வந்தால் மன்மதன் வேஷம் அவனுக்குத்தான். தோட்டமே தன் முகத்தைப் பார்க்கத்தான் கூடுகிறது என்று நினைப்பு.

போன வருஷம் அவனுக்கு வெளிக்குப் போகும்போதெல்லாம் இரத்தம் போனது. மூலம் என்றான் ஒருவன், செய்வினை என்றான் ஒருவன். எல்லார் பேச்சையும் கேட்டான், மாதுளந்தோல் கஷாயம் குடித்தான். ஆள் பாதியான பிறகுதான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனான். குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடல் புண் என்றார்கள். "இரத்தம் நின்னாலும் மாத்திரைய நிப்பாட்டக் கூடாது" என்று டொக்டர் தமிழிலேயே சொன்னார். மாத்திரைக்கு நோய் கேட்டது. இரத்தம் நின்று, உடம்பும் தேறியது.

மாசியில் கூத்து விரதத்துக்கு அவன் கையில் காப்புக் கட்டினார்கள். அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டான். அவன் பெண்டாட்டி சுதர்ஷினி என்னிடம் ஓடி வந்தாள்.

"அத்தை, மாத்திரை மேல பூசியிருக்கிறது மாட்டுக் கொழுப்பாம். விரதம் கெட்டுப் போயிருமாம். நீங்க வந்து கேளுங்க."

போய்க் கேட்டேன்.

"யாருடா ஒனக்குச் சொன்னது?"

"யாரு சொல்லணும் சின்னம்மா? எனக்குத் தெரியாதா? அதான் சொகமாயிருச்சே."

"ஓகோ! அட்டைக் கிரீடம் வச்சா டொக்டராயிருவியோ?"

கூத்து வாத்தியார் இராமையாவைக் கூட்டிவந்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கறி மீனு வேணாம்னுதான் சொன்னேன். மருந்து திங்காதன்னு எந்தச் சாமி சொன்னுச்சு?"

அதற்கு இந்தப் பெரிய மனிதன், "வாத்தியாரே, எனக்காக வெரதத்துல வளைஞ்சு குடுக்காதீங்க" என்று வாத்தியாருக்கே புத்தி சொன்னான்.

இரத்தம் திரும்ப வந்தது. மறைத்தான். ஒத்திகையில், ரதி வேஷம் கட்டும் செல்லசாமியின் மேல் அப்படியே சாய்ந்து விழுந்தான். மீசை வைத்த ரதி மன்மதனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வேட்டியெல்லாம் ரத்தம்!" என்று கத்தினான்.

இராமையா யோசிக்கவில்லை. "காப்ப நானே அவுக்கிறேன். குத்தம்னா என் தலையில விழட்டும். ஓட்டோவக் கூப்பிடுங்க!"

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, ஸ்டீரொய்ட் ஊசி போட்டு, இரத்தத்தை அடக்கினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் குடலை வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டொக்டர் சத்தம் போட்டார். கூத்து முடிந்த மறுநாள் பார்க்கப் போனேன். குடலைப் பற்றியா கேட்டான்?

"சின்னம்மா, மதன் யாரு ஆடுனது?"

"அழகுமுத்து."

"அவனா! நல்லாவா ஆடியிருப்பான்?"

"ஒன்னைய விட நல்லா ஆடுனான். மதன் எரியுறப்ப சனம் தேம்பித் தேம்பி அழுதுச்சு."

அழகுமுத்து ஆடினது சேற்றில் மாடு இறங்கின மாதிரி இருந்தது. அதை நான் ஏன் சொல்லப்போகிறேன்?

முகம் சுருங்கிப்போனது அவனுக்கு. நர்ஸ் மிஸ் அவன் நிறுத்தின அதே மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினாள். மாட்டுக் கொழுப்பு ஞாபகத்துக்கு வரவில்லை போலிருக்கிறது.

"தண்ணியக் குடுங்க சின்னம்மா" என்று வாங்கி விழுங்கினான். "வர்ற மாசிக்கு அந்தப் பய எப்படி மதன் கட்டுறான்னு பாத்துர்றேன்."